வெளியே எவ்வளவு எடம் இருக்கு?

எங்க அய்யா கரிமூட்டம் போடுகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவள். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு முப்பது வருசம் பிடித்திருக்கிறது.

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வைப்பாற்றைத் தாண்டினால் கரிசல் காடுதான். மழை பெய்தால் கம்பு, பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக்கருவேல். அதுக்கு விதைக்க வேண்டாம், களை எடுக்க வேண்டாம், காவல் இருக்க வேண்டாம். காடு மொதலாளியுடையது. மரத்தை மொத்தமாகப் பேசி எடுப்பது வியாபாரி. வெட்டி அடுக்கிப் புகை குடிப்பது மட்டும் நாங்கள்.

விறகைத் துண்டு போட்டுக் குவித்து அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, ஈர மண்ணைப் பூசி மூடி, உள்ளே தீயைப் போடுவார் அய்யா. அதுக்கப்புறம் ராத்திரி பகலாக முழித்துக் கிடக்க வேண்டும். தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. காத்து கூடப் போனால் அத்தனையும் சாம்பல். காத்தே போகாவிட்டால் வேகாத கட்டை. ஒரு பக்கம் ஓட்டை போடுவார், இன்னொரு பக்கம் மண்ணை அப்பி அடைப்பார். முதலில் வெள்ளைப் புகை வரும். அது மரத்துக்குள் இருக்கிற தண்ணி. அப்புறம் மஞ்சளாக, கண்ணைக் கரிக்கிற புகை. கடைசியில் இருக்கா இல்லையா என்கிற மாதிரி மெல்லிசாக, நீலமாக வரும். "பொகை நீலமாயிட்டுன்னா கரி வெந்துட்டுன்னு அர்த்தம், தாயி. அப்பத்தான் ஓட்டைய அடைக்கணும்" என்பார். தெர்மாமீட்டர் என்ற சாமானை அவர் வாழ்நாளில் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் பார்த்தார்.

கோவில்பட்டியில் பி.எஸ்சி. முடித்து 1994இல் வெளியூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்தேன். கல்லூரியின் பேர் வேண்டாம். விடுதிக்குப் போன முதல் நாளே கேள்வி வந்தது.

"எந்த ஊரு?"

"விளாத்திகுளம்."

"விளாத்திகுளத்துல எங்க?"

"பஜார் பக்கம்."

"அப்பா என்ன செய்றாரு?"

"மொளகா கமிஷன் கடை."

அம்மா வேலை இல்லாத நாட்களில் கமிஷன் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளியிருக்கிறாள். அந்த அளவில் என் பொய்யில் பத்துப் பைசா உண்மை இருந்தது. தட்டையும் டம்ளரையும் யாரும் தனியாக வைக்கவில்லை. படித்தவர்கள் இருக்கிற இடத்தில் கேள்வியாலேயே தனித்தட்டு வைத்துவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப் பாரத்தில் கையெழுத்து வாங்க ஆபீசில் வரிசையில் நின்றபோது என்னைப் பார்த்துவிட்ட அறைத்தோழி அந்த வாரமே வேறு அறைக்கு மாறினாள். ஃபேன் சரியில்லை என்று காரணம் சொன்னாள்.

மூன்றாவது செமஸ்டரில் புள்ளியியல் இயக்கவியல் என்ற பாடம் வந்தது. புள்ளியியல் வெப்ப இயக்கவியல் என்றும் சொல்வார்கள். ரைஃப், ஹுவாங், பாத்ரியா என்று மூன்று தடித்த புத்தகங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த எனக்கு ஒரு பக்கம் தாண்ட ஒரு ராத்திரி ஆனது. சங்கதி என்னவோ எளிமையானதுதான். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 25க்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வருகிற அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடி, நீ எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவை மொத்தமாக எத்தனை விதமாக இருக்க முடியும் என்று எண்ணத்தான் முடியும். ஒவ்வொரு விதத்துக்கும் நுண்நிலை என்று பேர். அந்த எண்ணிக்கையின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி. வியன்னாவில் போல்ட்ஸ்மான் கல்லறையில் இந்தச் சூத்திரத்தைத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். அணு என்று ஒன்று இருக்கிறது என்பதையே பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளாத காலத்தில் அணுக்களை எண்ணியவர் அவர். 1906இல் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு சில வருசத்திலேயே பெரின் செய்த பரிசோதனைகளால் அணு எல்லோருக்கும் ஊர்ஜிதமானது.

இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு அடிப்படை அனுமானம் உண்டு. தனித்து விடப்பட்ட ஒரு அமைப்பில், எட்டக்கூடிய நுண்நிலைகள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சமம். முதல் தடவை படித்தபோது 'சமம்' என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். 'எட்டக்கூடிய' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட எனக்கு இன்னொரு வருசம் தேவைப்பட்டது.

வகுப்பில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ஆசிரியர் எரிதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காற்றில்லாமல் விறகை வேகவைத்தால் கரி கிடைக்கும் என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ விளாத்திகுளம்தானே? உங்க பக்கம்தான் கரி போடுறாங்க. வெந்துருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க?" அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. அந்த இரண்டு வருசத்தில் யாரும் புத்தகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரே கேள்வி அதுதான், அதுவும் என்னால் மட்டும்தான் முடியும். வெள்ளை, மஞ்சள், நீலம் என்று மூன்று சொல் போதும். நான் எழுந்து நின்று, "தெரியாது சார்" என்றேன்.

அடுத்தது, என்ட்ரோபி நடத்திய நாள். "என்ட்ரோபின்னா ஒழுங்கின்மை. வீட்டுல சாமான்லாம் அததுக்குன்னு உள்ள எடத்துல இருந்தா ஒழுங்கு. கலந்துட்டா ஒழுங்கின்மை. ஊரும் அப்படித்தான். அந்தக் காலத்துல அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்தாங்க. இப்ப எல்லாம் கலந்துபோச்சு, என்ட்ரோபி கூடிப்போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பிரபஞ்சத்தின் விதியே எங்களுக்கு எதிராக இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். மனு சொன்னால் எரிக்கலாம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொன்னால் எதை எரிப்பது?

அந்த வருசம்தான் கொடியங்குளம் நடந்தது. 1995 ஆகஸ்ட் 31. அப்போது எங்கள் மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பேர். நூற்றுக்கணக்கான போலீசார் பட்டப்பகலில் ஒரு தலித் கிராமத்துக்குள் புகுந்து வீடு வீடாக நொறுக்கினார்கள். டி.வி., மிக்சி, ஃபேன் என்று ஒரு தலைமுறை உழைத்துச் சேர்த்த சாமான்களைப் பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். ஒழுங்கைக் காக்கத்தான் வந்தோம் என்றார்கள். அந்த மாதங்களில் பஸ் ஓடும், ஓடாது. ஊருக்குப் போனவள் இரண்டு வாரம் திரும்ப முடியவில்லை. திரும்பியபோது விடுதியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 'விளாத்திகுளத்தில் எங்கே' என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் பரீட்சையில் புள்ளியியல் இயக்கவியலில் ஃபெயில் ஆனேன். "இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்துப் படிச்சிருக்கலாம்" என்றார்கள் எல்லோரும்.

அரியருக்குப் படிக்கும்போதுதான் மேகநாத் சாகா எனக்குக் கிடைத்தார். அவர் பேர் புதுசல்ல. சாகாவும் ஸ்ரீவஸ்தவாவும் எழுதிய வெப்பவியல் புத்தகத்தை பி.எஸ்சி.யிலேயே புரட்டியிருக்கிறேன். புத்தகத்துக்குப் பின்னால் ஒரு மனுசர் இருக்கிறார் என்று நினைத்ததில்லை. நூலகத்தில் ஒரு பழைய கட்டுரை அவர் வாழ்க்கையைச் சொன்னது. 1893இல் டாக்கா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. தாழ்வாக வைக்கப்பட்ட ஒரு சாதி. 1905இல் கவர்னர் வருகையை எதிர்த்த போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தார். 1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கியபோது, மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவரை தலித் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை, இன்றைய பட்டியலை அன்றைக்குப் போட்டுப் பார்ப்பது சரியல்ல. ஆனால் அந்தச் சாப்பாட்டு அறை எனக்குத் தெரிந்த அறை.

அதே சாகா 1920இல் எழுதியதுதான் அயனியாக்கச் சமன்பாடு. நட்சத்திரத்தின் ஒளியைப் பார்த்து அதன் வெப்பநிலையைக் கணக்கிட வழி காட்டியது அது. அதை வைத்துத்தான் 1925இல் சிசிலியா பெய்ன் என்ற பெண், நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான் என்ற முடிவுக்கு வந்தார். அந்தச் சமன்பாட்டில் என்னைப் பிடித்து உட்காரவைத்த இடத்தை மட்டும் சொல்கிறேன்.

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானை அணுக்கரு கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டை அறுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் சுமார் 1,58,000 கெல்வின். அப்படியென்றால் அவ்வளவு சூடு ஏறும்வரை எலக்ட்ரான் விடுபடாது என்றுதானே நினைப்போம்? ஆனால் நட்சத்திரத்தின் மேற்பரப்பில் சுமார் 10,000 கெல்வினிலேயே பாதி அணுக்கள் எலக்ட்ரானை இழந்துவிடுகின்றன. பதினைந்தில் ஒரு பங்கு சூடு! எப்படி முடிகிறது? கட்டுண்டு கிடக்கிற எலக்ட்ரானுக்கு இருக்க விதிக்கப்பட்ட நிலைகள் சில. விடுபட்ட எலக்ட்ரானுக்கு வெளியே இருக்கிற நிலைகளோ எண்ணி முடியாதவை. ஒருபக்கம் ஆற்றல் கட்டிப்போடுகிறது. மறுபக்கம் வெளியிலிருக்கிற இடம் கூப்பிடுகிறது. இரண்டுக்கும் நடக்கிற பேரம்தான் அந்தச் சமன்பாடு. அதனால்தான் அழுத்தமும் அதில் வருகிறது. வெளியே நெரிசல் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே விடுபடலாம். நெரிசல் கூடினால், விடுபட்டது மறுபடி பிடிபடும். சூரியனின் உயரமான மேல் அடுக்கில் கால்சியம் ஏன் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது என்பதற்கு, அங்கே அழுத்தம் மிகவும் குறைவு என்று சாகா காரணம் சொன்னார்.

இதைப் புரிந்துகொண்ட ராத்திரி விடுதி மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். முயற்சி எடு, முயற்சி எடு என்று எல்லோரும் என்னிடம் சொன்னது வெறும் 13.6 கணக்கு. உன்னிடம் சூடு போதவில்லை என்கிற கணக்கு. வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டிருக்கிறாள். நான் பிளஸ் டூ முடித்த வருசம் சொந்தக்காரர் ஒருத்தர், "பொம்பளப் பிள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சு என்ன செய்யப்போற?" என்றதற்கு அவள் சொன்னாள்: "அவ படிப்பா. படிச்சுட்டு வந்தா ஒக்கார அங்க எடம் போடுவாங்களான்னுதான் எனக்குக் கவலை."

அப்போதுதான் அந்த ஒழுங்கின்மைப் பாடத்துக்கும் பதில் கிடைத்தது. ஒழுங்கின்மை என்பது என்ட்ரோபிக்கு வகுப்பறையில் வைத்த பட்டப்பேர். சூத்திரத்தில் இருப்பது வழிகளின் எண்ணிக்கை மட்டும்தான். ஒரு பெட்டிக்கு நடுவில் தடுப்பு வைத்து வாயுவை ஒரு பக்கம் மட்டும் அடைத்தால், அது அங்கேயே இருக்கும். அதுதான் அதுக்குரிய இடம் என்பதாலா? மறுபக்கம் எட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்பதால். தடுப்பை எடுத்த கணத்தில் அது பெட்டி முழுக்கப் பரவுகிறது, அங்கேயும் இருக்க முடியும் என்பதால். உத்தபுரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவரை, 2008 மே 6ஆம் தேதி ஒரு பகுதி இடித்தார்கள். அதுவரை அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்ததைத்தான் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாயு வேறு, மனுசர் வேறு. ஆசிரியர் இயற்பியலை எடுத்து ஊருக்குப் போட்ட மாதிரி நானும் திருப்பிப் போட்டால் அதே தப்புதான். மூலக்கூறுக்கு அவமானம் கிடையாது. தடுப்பை எடுக்கச் சொல்லி எந்த எலக்ட்ரானும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்ததில்லை, அடிபட்டதில்லை. எங்கள் தடுப்பைச் சூடு தகர்க்கவில்லை, ஆட்கள்தான் போராடித் தகர்த்தார்கள். இரண்டாம் விதி நமக்குச் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. பாதகம் என்று ஒருத்தர் சொன்னால், அது விதியல்ல, அவருடைய அபிப்பிராயம் என்று தெரிந்துகொள்ளவாவது நாம் அதைப் படித்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சாகாவுடன் படித்த சத்தியேந்திரநாத் போஸ், 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்த எண்ணும் முறையை நான் அம்மாவின் தீக்குச்சியை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு குச்சி, இரண்டு பெட்டி. குச்சிகளுக்கு இது மூத்தவள், இது இளையவள் என்று பேர் வைத்து எண்ணினால் நாலு விதமாகப் போடலாம். பேர் இல்லை, எல்லாம் ஒன்றே என்றால் மூன்றே விதம்தான். ஒளித்துகள்களுக்குப் பேர் வைத்து எண்ணினால் விடை தப்பாக வருகிறது. பேரை எடுத்துவிட்டு எண்ணினால், பிளாங்க் கண்டுபிடித்த கதிர்வீச்சு விதி சரியாக வருகிறது. துகளில் இல்லாத ஒரு அடையாளத்தை நாம் ஒட்டிவிட்டோம் என்றால் கணக்கே தப்பிப்போகும். 'விளாத்திகுளத்துல எங்க?' என்ற கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. அதை நான் பரீட்சையில் எழுதவில்லை.

1996 ஏப்ரலில் அரியர் பரீட்சை. சாகா சமன்பாட்டை வருவி என்று பெரிய கேள்வி வந்திருந்தது. நாலு பக்கம் எழுதினேன். பாஸ். ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டேன். இரண்டு இடத்தில் கேட்டேன். வழிகாட்ட ஆளில்லை என்றார்கள். அதே வருசம் அதே இடத்தில் வேறு பேருக்கு ஆள் இருந்தது. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகப் போனேன். இதைத் தோல்விக் கதையாக எழுதவில்லை. அழுத்தம் கூடின இடத்தில் சிலர் திரும்பப் பிடிபடுவார்கள். வெளியே இன்னும் போதுமான இடம் பிடிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன அன்றைக்கு, "தெரியாது சார்" என்று சொன்னதை அய்யாவிடம் சொல்லிவிட்டேன். மூட்டத்துப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் புகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லிருக்கலாம்லா தாயி. அந்தச் சாருக்கும் தெரியாமத்தான கேட்டுருக்காரு" என்றார். அப்புறம், "நீலப் பொகைன்னு மட்டும் சொன்னாப் பத்தாது. கிட்டத்துல மோந்தும் பாக்கணும். காரல் போயிருக்கணும்" என்றார். அது எனக்குத் தெரியாத விசயம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரைக்கும் நெஞ்சுச் சளியோடுதான் இருந்தார்.

இப்போது பிளஸ் ஒன்னுக்கு வெப்ப இயக்கவியல் நடத்துகிற முதல் நாள் நான் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: "எங்க அய்யா கரிமூட்டம் போட்டவர். இங்க யாரு வீட்டுல மூட்டம் போடுறாங்க?" முதலில் யாரும் கை தூக்க மாட்டார்கள். நான் காத்திருப்பேன். போன வருசம் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை பாதி கையைத் தூக்கினாள். கரி வெந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். புகை நீலமாகும் என்றாள். மோந்து பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

"இல்ல டீச்சர்" என்று அவள் முழுசாக எழுந்து நின்றாள். "மூட்டம் கீழ எறங்கும். எங்க அம்மா அதப் பாத்துத்தான் சொல்லும். நீங்க சொல்றது பழைய காலத்துல."

கரும்பலகைப் பக்கம் அவளைக் கூப்பிட்டுச் சாக்பீசைக் கையில் கொடுத்தேன். படம் போட்டுக் காட்டினாள்.